ஐரோப்பிய பென்ஷனோடு தாய்லாந்தில் குடியேற: 8 லட்சம் பாட் பணத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

50 வயது தாண்டி, கையில் பிரெஞ்சு, ஜெர்மன், சுவிஸ் அல்லது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்து, இனி குளிர் போதும் என்று முடிவெடுத்துவிட்ட நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மனைவியும் பாரிஸிலிருந்து சியாங் மாய் வந்து தங்கியது இந்த வழியில்தான். டிக்கெட் போடுவது, வீடு பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். உண்மையில் ஆட்களைத் திணறடிப்பது ஒரே ஒரு விஷயம்: ஓய்வுக்காலத்தில் தங்கும் அனுமதிக்காகத் தாய்லாந்து வங்கியில் நீங்கள் காட்ட வேண்டிய 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம், சுமார் 21,000 யூரோ) எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்பது. அதைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

படி 1: எந்தப் பணம் உங்களோடு வரும், எது வராது

இதை ஐரோப்பாவில் இருக்கும்போதே பாருங்கள். நீங்கள் சந்தா கட்டிச் சேர்த்த பென்ஷன் தாய்லாந்துக்கு வரும். ஆனால் பென்ஷன் குறைவாக இருக்கிறது என்று அரசு மேலே போட்டுத் தருகிற தொகை வராது. பிரான்ஸின் அஸ்பா, ஜெர்மனியின் குருண்ட்ஸிஹெருங், சுவிஸின் எர்கான்சுங்ஸ்லைஸ்டுங்கன் எல்லாமே அந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். ஓட்டல் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் உழைத்து, நடுவயதில்தான் சந்தா கட்டத் தொடங்கிய நம் ஆட்கள் பலருக்கு இந்தக் கூடுதல் தொகைதான் பாதி வருமானம். அதனால் கடிதத்தை எடுத்து, அதில் எந்த வரி பென்ஷன், எந்த வரி உதவித்தொகை என்று பிரித்துப் பார்க்காமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: அங்கே ஆண்டுதோறும் உயர்கிற அரசு பென்ஷன், தாய்லாந்தில் வசித்தால் உயராது. ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறவர் என்றால், குடியேறிய நாளில் என்ன தொகையோ அதுவே நீடிக்கும்.

படி 2: எந்த விசா

மூன்று வழி பேசுவார்கள். எல்டிஆர் என்கிற 10 ஆண்டு விசாவுக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும், 40,000 டாலர்தான் வருகிறது என்றால் தாய்லாந்தில் 2,50,000 டாலர் முதலீடும் வேண்டும். அது நமக்கில்லை. ஓ-ஏ விசாவை ஐரோப்பாவிலேயே ஓராண்டுக்கு வாங்கலாம், ஆனால் போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, அதற்கு மேல் கட்டாய மருத்துவக் காப்பீடு. மூன்றாவது சாதாரண நான்-இமிகிரண்ட் ஓ. 90 நாள் கிடைக்கும், அந்த 90 நாளுக்குள் உள்ளூர் இமிகிரேஷன் அலுவலகத்தில் ஓய்வுக்காலக் காரணம் காட்டி ஓராண்டு நீட்டிக்கொள்ளலாம். காப்பீடு கட்டாயமில்லை, நீட்டிப்புக்கு 1,900 பாட் கட்டணம். என்னைக் கேட்டால் இதுதான் சரி. விண்ணப்பம் தாய்லாந்து அரசின் இ-விசா தளத்திலேயே முடிந்துவிடும்.

படி 3: வந்து இறங்கிய முதல் வாரம்

தாய்லாந்தில் வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிடிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புங்கள். 2025 மே 1 முதல் கட்டாயம், இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

வாடகை வீட்டில் கால் வைத்த உடனே வீட்டுக்காரரிடம் டிஎம் 30 பதிவு செய்யச் சொல்லுங்கள். தன் வீட்டில் வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் அவர் தெரிவிக்க வேண்டும். அந்த ரசீது இல்லாமல் பின்னால் ஒரு வேலையும் நகராது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே "டிஎம் 30 போட்டுத் தருவீர்களா" என்று கேளுங்கள். தயங்குகிற வீட்டுக்காரர் என்றால் வேறு வீடு பாருங்கள்.

படி 4: வங்கி (பொறுமையாகப் படியுங்கள்)

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விசா 90 நாள். நீட்டிப்புக்குப் பொதுவாகக் கடைசி 30 நாளில்தான் விண்ணப்பம் வாங்குவார்கள். விண்ணப்பிக்கும் நாளில் 8 லட்சம் பாட் உங்கள் கணக்கில் முழுசாக 2 மாதம் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் வந்திறங்கிய 20ஆம் நாளுக்குள் பணம் வந்து விழுந்தால் 80ஆம் நாள் வாக்கில் நிம்மதியாகப் போய் நிற்கலாம். 30ஆம் நாளைத் தாண்டினால் நேரமே இல்லை. அதாவது கணக்கைத் திறக்க உங்களுக்கு இருப்பது முதல் இரண்டு வாரம்.

ஆனால் கணக்கு திறப்பதுதான் எங்களை அதிகம் அலைய வைத்தது. வங்கிக்கு வங்கி இல்லை, ஒரே வங்கியின் கிளைக்குக் கிளை விதி மாறுகிறது. முதலில் போன கிளையில் இமிகிரேஷன் தருகிற வசிப்பிடச் சான்று இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதே வங்கியின் வேறொரு கிளையில் பாஸ்போர்ட், நான்-ஓ விசா, வாடகை ஒப்பந்தம், டிஎம் 30 ரசீது, உள்ளூர் போன் எண் இவ்வளவையும் பார்த்துவிட்டு அன்றைக்கே பாஸ்புக்கைக் கையில் கொடுத்தார்கள். மறுத்தால் வாதாட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கிளைக்குப் போங்கள். வெளிநாட்டவர் அதிகம் வசிக்கிற பகுதியில் இருக்கிற கிளையாக இருந்தால் வேலை சுலபம்.

நான் பாங்காக் பேங்க்கைச் சிபாரிசு செய்வேன். காரணம், வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்துக்குப் பக்கத்தில் பாஸ்புக்கில் எஃப்டிடி என்ற குறியீடு விழும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று இமிகிரேஷனில் கேட்டால் விரலை வைத்துக் காட்டலாம். வைஸ் (இணையத்தில் பணம் அனுப்பும் சேவை) மூலம் அனுப்புகிறவர்கள் அனுப்பும் காரணத்தில் நீண்டகாலத் தங்கல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேறு காரணம் போட்டால் உள்ளூர்ப் பரிமாற்றம் போல வந்து விழ வாய்ப்புண்டு, அப்புறம் வங்கியில் தனிச் சான்றுக்கு அலைய வேண்டும்.

சரியாக 8 லட்சம் அனுப்பாதீர்கள். கட்டணம் போக 7,99,600 வந்து நின்றால் 2 மாதக் கணக்கு தொடங்கவே தொடங்காது. அதோடு ஏடிஎம் கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் என்று வங்கியே சத்தமில்லாமல் எடுக்கும், ஒருநாள் குறைந்தாலும் குறைவுதான். 8,20,000 அனுப்புங்கள். கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கட்டும், கூட்டுக் கணக்கை ஏற்க மாட்டார்கள்.

நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் அந்த 8 லட்சம் அப்படியே இருக்க வேண்டும். அதன்பின் 4 லட்சம் வரை இறக்கலாம், அடுத்த விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பு மறுபடி 8 லட்சமாக்க வேண்டும். ஆக ஆண்டில் 7 மாதத்துக்கு மட்டும் பாதிப் பணம் கைக்கு வரும், அதற்காகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் யோசனை: அந்தக் கணக்கைத் தொடவே தொடாதீர்கள். அரிசி, கரண்டு பில் எல்லாவற்றுக்கும் தனியாக இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8 லட்சத்துக்குப் பதிலாக, மாதம் 65,000 பாட் பென்ஷன் வருவதைக் காட்டுகிற வழியும் உண்டு. தூதரகத்தின் வருமானக் கடிதம் அல்லது மாதாமாதம் வந்த பணத்துக்கு வங்கிச் சான்று கேட்பார்கள். பிரிட்டிஷ் தூதரகம் 2019 முதல் இந்தக் கடிதம் தருவதில்லை.

பணமே போட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற ஏஜென்ட்டுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். முதுமையில் ஒரு நாட்டில் தங்குகிற உரிமையை, எந்த நாளும் கேள்விக்குள்ளாகக்கூடிய ஒரு முத்திரையின் மேல் கட்டக்கூடாது.

படி 5: இமிகிரேஷன் நாள்

அன்று காலையில் முதல் வேலை வங்கி. மெஷினில் 100 பாட் போட்டு, பாஸ்புக்கை அச்சடித்து, கடைசி வரியில் அன்றைய தேதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கடிதமும் அன்றைய தேதியிலேயே வாங்குவது நல்லது. பிறகு டிஎம் 7 என்ற நீட்டிப்பு விண்ணப்பப் படிவம், 4×6 செமீ போட்டோ, பாஸ்போர்ட், விசா, பாஸ்புக் நகல்கள், டிஎம் 30 ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம். ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையெழுத்து. பாங்காக்கில் சேங் வத்தானா அரசு வளாகம், பட்டாயாவில் ஜோம்தியன் சோய் 5, சியாங் மாயில் விமான நிலையத்துக்குப் பக்கம். எங்கேயும் சீக்கிரமாகப் போய்விடுங்கள்.

படி 6: அதற்குப் பிறகு

90 நாளுக்கு ஒருமுறை டிஎம் 47, முகவரி தெரிவிப்பது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட் அபராதம். முதல் முறை நேரில், பிறகு இணையத்தில் செய்யலாம்.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஐரோப்பா போவதானால் ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒரு பயணத்துக்கு 1,000 பாட், பல பயணத்துக்கு 3,800. இல்லாமல் போனால் நீட்டிப்பு அன்றோடு ரத்து, திரும்ப முதல் படியிலிருந்து.

வரி: ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் இருந்தால் நீங்கள் தாய்லாந்தின் வரி வசிப்பாளர். 2024 முதல், அந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக்கு உட்படும், 2023 முடிய ஈட்டியதற்கு இல்லை. அதனால் பழைய சேமிப்பைத் தனிக் கணக்கில் வைத்து, 2023 டிசம்பர் 31 இருப்பைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பென்ஷனுக்கு எங்கே வரி என்பது உங்கள் நாட்டுக்கும் தாய்லாந்துக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அரசு ஊழியர் பென்ஷனுக்கும் தனியார் பென்ஷனுக்கும் விதி வேறாக இருக்கும்.

மருத்துவம்: ஐரோப்பிய சுகாதார அட்டை இங்கே செல்லாது. விசாவுக்குக் காப்பீடு கேட்கவில்லை என்பதற்காகக் காப்பீடே வேண்டாம் என்று விடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் ஏற்கெனவே இருந்தால் அதை விலக்கிவிட்டுத்தான் பாலிசி தருவார்கள், 65க்கு மேல் பிரீமியம் எகிறும், ஆகவே 50களிலேயே எடுப்பது நல்லது. மீதிக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். சியாங் மாயில் பல்கலைக்கழகத்தின் மகாராஜ் மருத்துவமனை, ஊரார் சுவான் தோக் என்பார்கள், தனியாரைவிடச் செலவு குறைவு. இங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காடு எரிகிற புகை. ஆஸ்துமா இருந்தால் கடற்கரை ஊரான ஹுவா ஹின் பக்கம் பாருங்கள்.

பிற்சேர்க்கை

பலர் ஒரே கேள்வி கேட்டார்கள்: மனைவிக்கும் தனியாக 8 லட்சம் வேண்டுமா? வேண்டியதில்லை. தூதரகச் சான்றும் தாய் மொழிபெயர்ப்பும் உள்ள திருமணச் சான்றிதழைக் காட்டி உங்களைச் சார்ந்தவராக நீட்டிக்கலாம். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஆனால் அவருடைய அனுமதிக்கும் அடிப்படை போய்விடும், ஒருவர் பெயரில் உள்ள அந்த வங்கிக் கணக்கும் நீதிமன்ற உத்தரவு வரும்வரை முடங்கும். முடிந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகவே செய்யுங்கள். முடியாவிட்டால் தாய் வழக்கறிஞரிடம் ஓர் உயில், மனைவி பெயரில் சில மாதச் செலவுக்குப் பணம், இந்த இரண்டையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை பென்ஷன் அலுவலகம் வாழ்நாள் சான்று கேட்கும். கடிதம் தபாலில் தாமதமாகி பென்ஷன் நின்றுபோனது என்று ஒருவர் சொன்னார். பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் அந்தப் படிவத்தை அரசின் பென்ஷன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம்.