கப்பலில் ஒரு செமஸ்டர்: ஏறும் முன்பும் ஏறிய பின்பும் செய்ய வேண்டியவை

கப்பலிலேயே தங்கிப் படித்து, நாடு நாடாக இறங்கி ஏறும் படிப்பு நூறாண்டுப் பழக்கம். 1926 செப்டம்பரில் ரிண்டம் என்ற நீராவிக் கப்பல் சுமார் 500 மாணவர்களோடு அமெரிக்காவின் ஹோபோக்கனிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது. இன்று பலரும் அறிந்த 'செமஸ்டர் அட் சீ' 1963இல் தொடங்கியது. எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் முதலில் பிடிபட வேண்டிய கணக்கு ஒன்றுதான்: வகுப்பு நடப்பது கப்பல் கடலில் ஓடும் நாட்களில் மட்டும். துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் வகுப்பு கிடையாது. 105 நாள் பயணத்தில் 50 கடல்நாள் என்று வைத்துக்கொண்டால், முழுப் பருவத்தின் பாடமும் அந்த ஐம்பதுக்குள் முடிந்தாக வேண்டும். அதனால் பயண அட்டவணை கைக்கு வந்ததும் கடல்நாட்களை ஒரு நிறத்திலும் துறைமுக நாட்களை இன்னொரு நிறத்திலும் தீட்டிவிடுங்கள். கீழே உள்ள எல்லாமே அந்த இரு நிறங்களைச் சுற்றித்தான்.

படி 1: தாள்கள், மருந்துகள்

பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டின் முத்திரைக்கும் இடம் வேண்டுமே, வெற்றுப் பக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். விசாக்களைக் கரையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நடுக்கடலிலிருந்து பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்கு அனுப்ப வழியில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

தினசரி மருந்து சாப்பிடுபவர்கள் பயணம் முழுவதற்கும், கூடுதலாக இரண்டு வாரத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் அசல் பெட்டியிலேயே, மருத்துவர் கடிதத்தோடு இருக்கட்டும். ஒரு நாட்டில் சாதாரணமான மருந்து அடுத்த நாட்டில் குற்றமாகலாம். கவனக் குறைபாட்டுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளுக்கு ஜப்பானில் மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதியில்லை. உங்கள் வழித்தடத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் இதைத் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

படி 2: மூட்டை கட்டுதல்

மடக்க முடியாத கெட்டிப் பெட்டி வேண்டாம். காலியான பிறகு அதை வைக்க அறையில் இடமிருக்காது. மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளக்கூடிய துணிப்பையே சரி. பத்து நாளுக்கான உடை போதும். அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகு என்பதால் காந்தக் கொக்கிகள் எட்டு பத்து எடுத்துக்கொண்டால் தொப்பி, ஈரத்துண்டு, அடையாள அட்டைக் கயிறு எல்லாம் தரையை விட்டு ஏறிவிடும். மேசைக்கு ஒரு வழுக்காத ரப்பர் விரிப்பு. ஜன்னல் இல்லாத அறையென்றால் பகலிலும் கும்மிருட்டுதான், பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வேண்டும்.

ஸ்பைக் பஸ்டர் கொண்டுபோகாதீர்கள். கரையில் உயிர்காக்கும் இந்தப் பொருள் கப்பலில் ஆபத்து. வீட்டு மின்சுற்றில் ஒரு கம்பி பூமியோடு சேர்ந்திருக்கும். பல கப்பல்களில் அப்படிச் சேர்ப்பதில்லை, இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் இருக்கும். அந்த நிலையில் ஸ்பைக் பஸ்டருக்குள் மின்னெழுச்சியைத் தடுக்கும் பாகம் பழுதானால் சூடேறித் தீப்பிடிக்கும். கெட்டில், அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி ஆகியவற்றையும் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அறையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், கப்பலின் நீளத்தில் நடுவே, கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் நடுப்பகுதி குறைவாக ஏறி இறங்குவது போலத்தான் இதுவும். மேல்தளத்து முன்னறைகளில் காட்சி நன்றாக இருக்கும், தூக்கம் இருக்காது.

படி 3: முதல் நாள் ஒத்திகை

பயணிகள் கப்பலில் பாதுகாப்பு ஒத்திகை புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடக்கும். ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி: இதுதான் பொது அபாய அறிவிப்பு. ஒத்திகை முடிந்ததும், அறையிலிருந்து உங்கள் கூடுமிடத்துக்கு (அபாயத்தின்போது நீங்கள் வந்து கூட வேண்டிய இடம்) இரண்டு வெவ்வேறு வழிகளில் நடந்து பாருங்கள். வழியில் எத்தனை கதவு என்று எண்ணி வையுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது, அந்த எண்ணிக்கைதான் உதவும். கனமான கதவுகளின் விளிம்பில் விரல் வைக்கிற பழக்கத்தை அன்றே விட்டுவிடுங்கள். அலையில் கதவு தானே அறையும்.

படி 4: குமட்டலுக்கு முந்திக்கொள்ளுதல்

உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும். புதியவர்கள் செய்யும் தவறு, வாந்தி வந்த பிறகு மாத்திரையைத் தேடுவது. அப்போது மாத்திரை வயிற்றில் நிற்காது.

மெக்லிசின் மாத்திரையைப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன் எடுக்க வேண்டும், தூக்கம் வரும். காதுக்குப் பின் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து எழுத்து மங்கும். தேர்வு நாளில் இது பெரிய தொல்லை. கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டை ஆகாது. எதையும் மருத்துவரிடம் கேட்டபின், கரையில் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தில்லாமலும் வழியுண்டு. திறந்த தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும், உப்பு பிஸ்கட்டோ இஞ்சியோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். குனிந்து போன் பார்ப்பதை நிறுத்துங்கள். வாசிக்க வேண்டிய பாடத்தைக் கடல் அமைதியான நேரத்தில் முடித்து வைப்பதே கெட்டிக்காரத்தனம்.

படி 5: படிப்பும் கடிகாரமும்

சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பாடங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்றால், ஐம்பது கடல்நாளில் ஒரு பாடத்துக்கு 25 வகுப்புதான். ஒன்றைத் தவறவிட்டால் பாடத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு போச்சு. 'துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போட்ட கட்டுரை எழுதப்படுவதே இல்லை. துறைமுகத்துக்குப் பின்வரும் முதல் கடல்நாளில் கெடு இருந்தால், அதை மனதில் முந்தைய கடைசிக் கடல்நாளுக்கு நகர்த்திவிடுங்கள்.

அடுத்தது நேரம். தீர்க்கரேகையில் 15 பாகைக்கு ஒரு மணி. மேற்கே போனால் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள், உங்களுக்கு 25 மணி நேர நாள். கிழக்கே போனால் 23 தான். தொடர்ந்து சில இரவுகள் ஒவ்வொரு மணியாகப் பறிபோகும்போது காலை எட்டு மணி வகுப்பு உடலுக்கு விடியற்காலை நான்கு மணியாகத் தெரியும். அந்த வாரத்தில் ஒவ்வொரு இரவும் ஒரு மணி முன்னதாகவே படுங்கள். சர்வதேசத் தேதிக்கோட்டை மேற்கு நோக்கிக் கடந்தால் ஒரு தேதியே காணாமல் போகும். கிழக்கு நோக்கியென்றால் ஒரே தேதி இரண்டுமுறை வரும். கரையில் உள்ள இணையதளத்தில் எதையாவது சமர்ப்பிக்க வேண்டியிருந்தால், கெடுவை யூ.டி.சி. நேரத்தில் (உலகம் முழுதுக்கும் பொதுவான நேரம்) எழுதி மேசையில் ஒட்டுங்கள். போனின் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கப்பல் நேரத்தைக் கையால் வையுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் இன்னும் நம்பகமானது.

இணையம் செயற்கைக்கோள் வழியே வருகிறது. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் அரை நொடிக்கு மேல் தாமதம். தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ளவை பரவாயில்லை. ஆனால் நூற்றுக்கணக்கானோர் ஒரே இணைப்பைப் பங்கிடுகிறார்கள். பாடநூல், அகராதி, வரைபடம் அனைத்தையும் ஏறும் முன் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். கப்பலின் கைபேசி வலைப்பின்னலோடு அது தானாக இணைந்துகொண்டால் வரும் பில் கண்ணைப் பிதுக்கும்.

படி 6: அறை, கழிவறை, கை

கழிவறை வெற்றிட உறிஞ்சலில் இயங்குவது. கப்பலில் தரும் தாளைத் தவிர எதைப் போட்டாலும் அடைக்கும், பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து. ஈரத்தாள் 'கரையும்' என்று உறையில் எழுதியிருந்தாலும் போடாதீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் பரவினால் சானிடைசர் போதாது. சோப்பு போட்டு 20 நொடி கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் மருத்துவ அறைக்குச் சொல்லுங்கள். சில நாள் தனிமை கசக்கும்தான், மறைத்தால் வகுப்பு முழுதும் படுத்துவிடும்.

படி 7: துறைமுக நாள்

கப்பல் கரை தொட்டதும் ஓடி இறங்க முடியாது. குடியேற்றம், சுங்கம் முடிய மணிக்கணக்கில் ஆகலாம், ஆகவே முதல் நாள் காலைக்கு ரயிலோ விமானமோ பதிவு செய்யாதீர்கள். பழம், விதை எதையும் பையில் கொண்டு இறங்காதீர்கள். சில நாடுகளில் ஒரு ஆப்பிளுக்கே அபராதம் உண்டு. துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பலின் வேலைகளைக் கவனிப்பவர்) தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். கப்பலின் பெயரோடு துறைமுக வாயிலின் பெயரையும் உள்ளூர் மொழியில் எழுதி வாங்கிக்கொண்டால் டாக்ஸிக்காரரிடம் கைசைகை காட்ட வேண்டியதில்லை. பெரிய துறைமுகங்களில் தவறான வாயிலில் இறங்கினால் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும்.

திரும்பி ஏறும் நேரம் வழக்கமாகப் புறப்பாட்டுக்கு இரண்டு மணி முன்பாக இருக்கும். அதற்கும் மூன்று மணி முன்னால் துறைமுகம் இருக்கும் ஊருக்குள் வந்துவிடுங்கள். தாமதமாக வந்தால் அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க விடாமல் நிறுத்திவைப்பார்கள். கப்பல் போயே விட்டால் அடுத்த துறைமுகம்வரை உங்கள் செலவில்தான் போக வேண்டும். பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்தில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். அதனால் இறங்கும்போதெல்லாம் அதன் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

பயணம் முடிந்து வீட்டுக்குப் போன பின்னும் தரை சில நாள் ஆடும், குளிக்கும்போது கண்ணை மூடினால் இன்னும் அதிகமாக. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குளியுங்கள். ஒரு மாதம் தாண்டியும் ஆட்டம் நிற்காவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய், கப்பலில் இருந்ததைச் சொல்லுங்கள்.