ஒரு கரோல் இரவில் ஐந்து காதல்: யாழ்ப்பாணத்து நத்தார்ப் படம் எடுக்கும் வழி

பல சோடிகளின் கதையை ஒரே படத்துக்குள் பின்ன நினைப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஐந்து கதையையும் எதைக் கொண்டு கட்டுவது? கடையில் இருவர் தற்செயலாக முட்டிக்கொள்வதும், இவர் அவருடைய ஒன்றுவிட்ட மச்சான் என்று கடைசியில் தெரியவருவதும் கதையைக் கட்டாது. மூன்றாவது தற்செயலோடு பார்ப்பவர் நம்புவதை விட்டுவிடுவார். யாழ்ப்பாணத்து நத்தாரை எழுதுகிறவருக்கு அந்தக் கட்டு கையிலேயே இருக்கிறது. அதுதான் கரோல். டிசெம்பரில் ஒரு தேவாலயப் பங்கின் பெடியன்களும் பெட்டையளும் கீபோட், ட்ரம், நத்தார் தாத்தாவோடு வீடு வீடாகப் போகிறார்கள். எல்லாப் படலையும் அவர்களுக்குத் திறக்கும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் என்ன நடக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும், விறாந்தையில் நின்று பாடுகிறவர்களுக்குத் தெரியாது. நகைச்சுவைக்கு வேறு முதல் தேவையில்லை.

ஆகவே முதலில் கரோல் போகும் பாதையைக் கீறுங்கள். பிறகு அந்தப் பாதையில் உள்ள வீடுகளுக்குள் காதலை வையுங்கள். குருநகர், பாஷையூர் போன்ற நெருக்கமான கரையோர ஊர் என்றால் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும், நடந்தே போகலாம். இளவாலை, சில்லாலைப் பக்கம் என்றால் வேலியும் தோட்டமும் இடைவெளியும் உண்டு, அதற்கு ஒரு லான்ட்மாஸ்ரர் (பெட்டி பூட்டிய இருசக்கர உழவு யந்திரம்) வேண்டும். இரண்டையும் ஒரே ஊராகக் காட்டாதீர்கள். யாழ்ப்பாணத்தான் ஒழுங்கையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவான்.

எத்தனை கதை, எவ்வளவு நீளம்

100 நிமிடப் படத்துக்கு ஐந்து கதை போதும். ஒவ்வொன்றுக்கும் 16 நிமிடம், அதாவது இரண்டு நிமிடக் காட்சிகள் எட்டு. மிச்சம் 20 நிமிடம் எல்லோரும் கூடும் காட்சிகளுக்கு: கரோல் ஒத்திகை, கரோல் இரவு, நள்ளிரவுத் திருப்பலி, நத்தார் மதியச் சாப்பாடு. எட்டுக் கதை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் பத்தே நிமிடம். அதற்குள் ஒருவரை அறிமுகப்படுத்தலாம், ஆசைப்பட வைக்கலாம், மனம் மாற வைக்க நேரம் இராது.

ஐந்து சோடியும் ஐந்து வெவ்வேறு வயதில் இருக்கட்டும். இது மிக முக்கியம். ஐந்தும் இருபத்தைந்து வயதுக் காதலாக இருந்தால் முகங்கள் குழம்பும். ஒரு மாதிரி அமைப்பு: பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிக்கும் அன்ரனும், அதே ஒழுங்கையில் விடியற்காலை திருவெம்பாவை பாடப் போகும் கௌசியும். கேக் அடிக்கும் ஓய்வுபெற்ற திரேசம்மா ரீச்சரும், முட்டை கொண்டுவந்து கொடுக்கும் சாட்டில் தினமும் வரும் செல்லத்துரை மாஸ்ரரும். கனடாவிலிருந்து பெண் பார்க்க வந்தவரும், கலியாணத் தரகரின் மகளும். பிள்ளையூடாக மட்டும் கதைக்கும் ஒரு கணவன் மனைவி. நத்தார் தாத்தாவின் முகமூடி போட்டால் மட்டும் வாய் திறக்கும் ஒரு பெடியன்.

ஒவ்வொரு கதைக்கும் ஒரு நிற அட்டை. ஒரு காட்சிக்கு ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நிறம் 12 நிமிடத்துக்கு மேல் காணாமற் போனால் அந்தக் கதையின் பெயர்களே பார்ப்பவருக்கு மறந்துவிடும். பெயர்கள் வேறு வேறு எழுத்தில் தொடங்க வேண்டும். ஜெயன், ஜெகன், ஜெனா மூவரும் ஒரே படத்தில் இருந்தால் வசனம் முழுக்க வீண்.

முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே இரவில் அவிழ்க்கக் கூடாது. இரண்டு கரோல் இரவில் அவிழட்டும், ஒன்று பூசை முடிந்த முற்றத்தில், ஒன்று மதியச் சாப்பாட்டில். ஐந்தாவது கைகூடாமலே போகட்டும். ஐந்தும் கைகூடினால் முதல் நான்கின் மகிழ்ச்சியும் மலிந்துபோகும்.

முட்டுக்கட்டையை ஊரிலிருந்தே எடுங்கள். பல ஆண்டுகளில் திருவெம்பாவையின் பத்து நாட்களும் நத்தாரும் ஒன்றோடொன்று உரசும். அந்தப் பத்து நாள் முடியும் மார்கழித் திருவாதிரை எந்தத் தேதியில் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த ஆண்டுக்குக் கதையைப் பொருத்துங்கள், சில ஆண்டுகளில் அது சனவரிக்குத் தள்ளிப்போகும். கௌசியின் தாய் விரதம். நத்தார் மதியத்துக்கு வரச் சம்மதித்துவிட்டார். அன்ரனின் வீட்டில் ஆட்டிறைச்சி கொதிக்கிறது. சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி அகப்பை, தனிச் சட்டி. அப்பம்மா மறதியில் மச்ச அகப்பையைச் சைவச் சட்டிக்குள் வைத்துவிடுகிறா. அதைக் கண்டவர் மூன்று பேர், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரு மதத்தின் ஒற்றுமை பற்றி யாரும் பேசவே வேண்டாம். அந்த அகப்பையை யார் எடுத்துக் கழுவுகிறார் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

பெண் வேண்டாம் என்ற பிறகும் பின்னால் திரிவதைப் பகிடியாக்காதீர்கள். நத்தார் தாத்தா பெடியனின் கதையில் இந்த ஆபத்து உண்டு. முகமூடிக்குள் இருப்பது யாரென்று அவளுக்கு இரண்டாம் காட்சியிலேயே தெரியட்டும். தெரிந்தும் தெரியாததுபோல் அவளும் விளையாடினால்தான் அது காதல்.

வசனம்

எழுத்துத் தமிழில் எழுதி நடிகரை மாற்றிச் சொல்ல விடாதீர்கள். பேசுவதுபோலவே எழுதுங்கள். மனைவி: "அப்பாட்டச் சொல்லு, சோறு போட்டுக் கிடக்குதெண்டு." கணவன்: "அம்மாட்டச் சொல்லு, எனக்குப் பசியில்லையெண்டு." பிள்ளை: "ரெண்டு பேருக்கும் கேட்டதுதானே?" இதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் கெட்டுவிடும்.

யாழ்ப்பாணக் காதலின் படிகள் மரியாதைச் சொல்லில் ஏறும். அன்ரன் கௌசியை "வாங்கோ" என்றே அழைத்து வரட்டும். கரோல் இரவில் "நீங்கள்" என்பதை விட்டு "நீர்" என்பதற்கு வந்து, முதன்முறை "வாரும்" என்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். காதல் சொல்லும் காட்சி அதுவே, வேறொன்று தேவையில்லை. இது பலிக்க வேண்டுமானால் அதற்கு முன் எந்தக் காட்சியிலும் "நீர்" வழுக்கி விழக்கூடாது. வசனத்தாளில் அவர்களின் ஒவ்வொரு விளியையும் சிவப்பால் கோடிட்டுச் சரிபாருங்கள்.

கத்தோலிக்க வீட்டில் பாதர், பூசை. புரொட்டஸ்தாந்து சபை வீட்டில் போதகர், ஆராதனை. கலந்துவிட்டால் ஊர் சிரிக்கும், அந்தச் சிரிப்பு படத்துக்கானதாக இராது.

டிசெம்பர் போல இருக்க வேண்டுமே

ஆண்டின் மழையில் பெரும்பங்கு யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அதற்குப் பயந்து ஜூலையில் எடுத்தால் எல்லாம் பிழைக்கும்: வயல் வறண்டு கிடக்கும், சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து தலைமயிரைக் கலைக்கும், மரத்தில் மாம்பழம் தொங்கும். டிசெம்பரில் வயல் பச்சை, காற்று வாடை, ஒழுங்கையில் வெள்ளம். பலகாரத் தட்டிலும் கவனம் வேண்டும். பனம்பழக் காலம் முடிந்துவிடும், ஆகவே பனங்காய்ப் பணியாரம் வேண்டாம். பயற்றம் பணியாரம், முறுக்கு, கேக் என்று வையுங்கள்.

சரியான வழி டிசெம்பர் 26 முதல் தைப்பொங்கலுக்கு முன்வரை எடுப்பது. சோடனைகளும் பாலன் குடிலும் மூவிராசாக்கள் திருநாள்வரை கழற்றப்படாமல் நிற்கும், மழை தணியத் தொடங்கும், வயல் இன்னும் பச்சையாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து நடிப்பவர்களின் காட்சிகளை முதல் மூன்று நாளில் முடியுங்கள், பயணச்சீட்டை மாற்றித் தர எல்லோராலும் முடியாது. கணக்கு 18 நாள்: ஒரு கதைக்கு மூன்று நாளாக 15, கரோலுக்கு இரண்டு இரவு, தேவாலயத்துக்கு ஒரு நாள். மதியச் சாப்பாட்டை அன்ரன் வீட்டு மூன்று நாளுக்குள்ளும், ஒத்திகையைத் தேவாலய நாளிலும் அடக்குங்கள். கதை வரிசையில் எடுக்காமல் வீட்டு வரிசையில் எடுங்கள்.

தேவாலயத்தில் உண்மையான நத்தார்ப் பூசைக்குள் கமராவோடு போகாதீர்கள். பங்குத்தந்தையிடம் நவம்பரிலேயே திரைக்கதையைக் கொடுத்து, நத்தாருக்குப் பிறகு ஒரு வாரநாள் கேளுங்கள். காலைப் பூசைக்குப் பின் மாலைவரை கிடைக்கும். பகலை இரவாக்கச் சன்னல்களுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டவேண்டும், உள்ளே கட்டினால் துணியின் சுருக்கம் படத்தில் தெரியும். குரு அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்தை நடித்துக் காட்ட வேண்டாம். வருகைப் பவனி, மணி ஒலிக்கும் 'உன்னதங்களிலே' பாட்டு, முற்றத்தில் கைகொடுத்து வாழ்த்துவது, இவை மூன்றும் போதும்.

தொடர்ச்சிப் பிழை அதிகம் வரும் இடம் குடில். டிசெம்பர் 24 இரவுவரை நடக்கும் எந்தக் காட்சியிலும் குடிலுக்குள் குழந்தை யேசுவின் சுரூபம் இருக்கக்கூடாது, நள்ளிரவிலேயே வைப்பார்கள். நீங்கள் எடுப்பதோ அதற்குப் பிறகு. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் சுரூபத்தை எடுத்துவைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். திருவருகைக் காலத்தில் குருவின் உடை ஊதா, நத்தார்ப் பூசையில் வெள்ளை. திருவருகை வளையத்தின் நான்கு மெழுகுதிரியில் எத்தனை எரிகிறது என்பதும் தேதியைச் சொல்லும்.

கமரா, வெளிச்சம்

டிசெம்பர் கடைசியில் இங்கே சூரியன் 6 மணிக்குச் சற்று முன் மறையும். நீலவானம் தெரியும் கரோல் காட்சிக்குக் கிடைப்பது அதன்பின் 20 நிமிடம். வீடுகள் எல்லாவற்றுக்குமான தூரக் காட்சிகளை அந்த 20 நிமிடத்தில் இரண்டு நாளாகப் பிரித்து எடுத்துவிட்டு, இருட்டிய பின் கிட்டக் காட்சிகளுக்குப் போங்கள்.

நத்தார் மின்குமிழ் மாலைகள் படத்தில் துடிப்பதற்குக் காரணம், இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 1/50இல் வைத்து விநாடிக்கு 25 பிரேமில் எடுத்தால் துடிப்பு பெரும்பாலும் போய்விடும். மாலையைச் சிமிட்டாத நிலையில் விடுங்கள், சிமிட்டினால் காட்சியை வெட்டி ஒட்ட முடியாது. மெழுகுதிரி மட்டும் முகத்துக்குக் காணாது. திரி பிடித்த கைக்குக் கீழே செம்மஞ்சள் தாள் ஒட்டிய சிறு எல்.இ.டி. ஒன்றை மறைத்துக் கட்டுங்கள். வெள்ளைச் சமநிலை 3200 கெல்வின். வெள்ளைத் தெருவிளக்கு அப்போது நீலமாக விழும், இரவுக்கு அது நல்லதே.

மழை வந்தால் நிறுத்தாதீர்கள், விறாந்தைக் காட்சிகளை எப்போதும் கையில் வைத்திருங்கள். மழைத்துளி படத்தில் தெரிய வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும், முன்னால் அடித்தால் மழை காணாமற் போகும். குளிரூட்டிய வான் வண்டியிலிருந்து எடுத்த கமராவின் கண்ணாடி வெளியே வந்தவுடன் ஈரம் படிந்து மங்கும், அரை மணிநேரம் பைக்குள் வைத்தே வெளிக் காற்றுக்குப் பழக்குங்கள்.

இரவு ஒழுங்கையில் எடுக்க மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கடிதம், பொலிஸ் நிலையத்துக்கு ஒரு பிரதி. ட்ரோனுக்குத் தனி அனுமதிகள் உண்டு. பலாலி விமான நிலையம் இருக்கும் குடாநாட்டில் அதை இலேசாக எடுக்காதீர்கள். புகையிரத நிலையக் காட்சியும் அப்படியே. கனடாக்காரர் கட்டுநாயக்காவிலிருந்து இரவு முழுக்க வான் வண்டியில் வந்து விடியப் படலையடியில் இறங்கினால் அனுமதி எதுவும் வேண்டாம், நாய் குரைப்பது இலவசம்.

பாட்டும் ஒலியும்

கரோலை இடத்திலேயே பாடவைத்துப் பதிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் வேகம் மாறும், வெட்டவே முடியாது. முன்கூட்டி ஓர் அறையில் ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 92 தாள அடியென்று வைத்துக்கொண்டு, பதிந்து, இடத்தில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு வாயசைக்க வையுங்கள். பாடுவதற்கு முன்னும் பின்னும் வரும் சிரிப்பு, செருப்புச் சத்தம், "பாட்டு முடிஞ்சுதோ? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" எல்லாவற்றையும் இடத்திலேயே பதியுங்கள். பாட்டைப் புதிதாக எழுதுவது பாதுகாப்பு. பழைய மெட்டு பொதுவுடைமையானாலும் அதன் தமிழ் வரிகள் அப்படியாகாமல் இருக்கலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி உரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை நிற்கும்.

மழை விட்ட இரவில் தவளைகள் கத்தும். ஒரு கோணத்தில் கத்தி மறு கோணத்தில் அடங்கினால் வெட்டு தெரியும். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாய் மூடி நிற்க ஒரு நிமிடம் வெறும் ஒலியைப் பதிந்து, வெட்டும்போது அதை வசனத்துக்குக் கீழே விரியுங்கள். சேலைக்குள் வைக்கும் சிறு மைக் பட்டில் உரசும், பருத்தி ரவிக்கையின் உட்புறத்தில் துணி நாடாவால் ஒட்டுங்கள்.

வெட்டும்போது

முதல் வெட்டு 130 நிமிடம் வரும் என்று எதிர்பாருங்கள். குறைக்கும்போது எல்லாக் கதையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளாதீர்கள், ஐந்தும் இரத்தசோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். மெலிந்த கதையின் முழுக் காட்சி இரண்டு மூன்றைத் தூக்குங்கள். அழுகையிலிருந்து நேரே பகிடிக்குத் தாவாமல் நடுவில் ஐந்து விநாடி ஒழுங்கையைக் காட்டுங்கள், கரோல்காரர் தூரத்தில் நடக்கட்டும். பிறகு திரைக்கதையை வாசிக்காத பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டி, 30ஆம் நிமிடத்தில் நிறுத்தி, யார் யாரோடு என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று பேருக்கு மேல் ஒரே சோடியைப் பிழையாக எழுதினால், அந்தச் சோடியின் முதல் காட்சியைப் படத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள்.