வடிவமைப்பு வேலையில் பெயர் யாருக்குப் போகிறது? எண்ணிப் பாருங்கள்

டிசைன் ஸ்டூடியோவில் ஆண்-பெண் பாகுபாடு உண்டா என்று வாதாடுவதைவிட எண்ணிவிடுவது மேல். 1989-இல் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண்ணியக் கலைஞர்கள் குழு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எண்ணியது: நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள்.

கடந்த 12 மாத வேலைகளை எக்செல்லில் வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம், யார் என்று நிரப்ப: ஐடியா, லேஅவுட், திருத்தங்கள், வாடிக்கையாளரிடம் விளக்கியவர், வெளியான பெயர். ஆள்கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பாதிப் பேர் பெண்களாக இருந்தும் திருத்தங்களிலேயே குவிந்திருக்கலாம். நினைவிலிருந்து நிரப்பாதீர்கள், கோப்பின் பழைய பதிப்புகளையும் மின்னஞ்சல்களையும் திறந்து பாருங்கள். நினைவில் நிற்பது விளக்கிப் பேசியவர் முகம்தான்.

இனி, பெயர்ப்பட்டியலை வேலை தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள். முடிந்தபின் எழுதினால், பேறுகால விடுப்பில் போனவர் பெயர்தான் முதலில் விடுபடும்.