சின்னக் குழந்தையோடு முதல் சமையல்: அடுப்பில்லாமல் ஒரு பழக் கலவை

இது மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது. அடுப்பு வேண்டாம், மிக்சி வேண்டாம். எண்ணுவது, அளப்பது, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, கொஞ்சம் பொறுத்திருப்பது, புதுச் சொற்கள் என்று நிறைய விஷயம் இந்த ஒரு கிண்ணப் பழத்துக்குள் இருக்கிறது. தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை. நடத்தினால் குழந்தை எழுந்து போய்விடும்.

ஒரே ஒரு நிபந்தனை: கொடுக்கிற வேலை நிஜ வேலையாக இருக்கவேண்டும். காலிப் பாத்திரத்தையும் கரண்டியையும் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தால் சீக்கிரமே அலுத்துவிடும். ‘நீ உரித்ததைத்தான் எல்லோரும் சாப்பிடப்போகிறோம்’ என்று தெரிந்தால் அந்தக் கவனமே வேறு. குழந்தை தானே செய்து கற்கும் மாண்டிசோரி கல்வி முறையில் தண்ணீர் ஊற்றுவதும் மேசை துடைப்பதும் பரிமாறுவதும் பாடங்களாகவே இருப்பது இதனால்தான்.

படி 1: நேரம் பார்த்துத் தொடங்குங்கள்

குழந்தை பசியோடு இருக்கும்போதோ தூக்கம் வரும் நேரத்திலோ வேண்டாம். நீங்கள் தனியாகச் செய்தால் பத்து நிமிடம் ஆகும் வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரத்தில் ‘கொடு, நான் பண்றேன்’ என்று பிடுங்கிவிட்டால், அடுத்த முறை கூப்பிட்டாலும் வராது.

படி 2: கையும் இடமும்

சோப்புப் போட்டு 20 விநாடியாவது கையைத் தேய்க்கவேண்டும். சேர்ந்து மெதுவாக இருபது வரை எண்ணுங்கள், முதல் கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. முடியைக் கட்டி, சட்டைக் கையை மடித்துவிடுங்கள். ஆடுகிற ஸ்டூலில் ஏற்றி நிறுத்துவதைவிடத் தரையில் துணி விரித்து உட்காருவது நல்லது. கிண்ணத்துக்கு அடியில் ஓர் ஈரத்துணியை மடித்து வையுங்கள். கிளறும்போது கிண்ணம் வழுக்கிப் போகாது, பாதிச் சிந்தல் அதிலேயே நின்றுவிடும்.

படி 3: பொருட்கள்

வாழைப்பழம் 2, ஆப்பிள் 1, ஆரஞ்சு 1, ஒரு கைப்பிடி திராட்சை, அரை எலுமிச்சை. கூடவே ஒரு சின்னக் குடுவையில் தண்ணீர், ஒல்லியான உயரமான தம்ளர் ஒன்று, அகலமான கிண்ணம் ஒன்று. தண்ணீர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஆப்பிளை வெட்டுவது பெரியவர் வேலை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும் அளவும் வழுவழுப்பும் அதற்கு உண்டு. நீளவாக்கில் நான்காக வெட்டி, கொட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். முந்திரி, பாதாம் மேலே தூவலாமே என்று தோன்றும். இந்த வயதில் முழுப் பருப்பும் வேண்டாம்.

படி 4: யாருக்கு என்ன வேலை

மூன்று வயதில் கழுவுவது, வாழைப்பழத் தோலை உரிப்பது, பழத்தைக் கிண்ணத்தில் போடுவது. நான்கு வயதில் ஆரஞ்சுச் சுளை பிரிப்பது, எலுமிச்சை பிழிவது. ஐந்து, ஆறு வயதில் வாழைப்பழத்தை முனை மழுங்கிய கத்தியால் நறுக்கலாம், நீங்கள் பக்கத்திலேயே இருந்தால். வாழைப்பழத்தின் நுனியை மட்டும் நீங்கள் கிள்ளிவிடுங்கள், மீதியை அதுவே உரிக்கும்.

சுளை பிரிப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து அந்த வெள்ளை நாரைக் கிள்ளி எடுக்கும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் இதே விரல்கள்தான். சுளை நசுங்கினால் நசுங்கட்டும், சாறு எப்படியும் கிண்ணத்துக்குத்தானே போகிறது.

படி 5: எண்ணுங்கள்

‘நாம எத்தனை பேர் சாப்பிடப்போறோம்? ஆளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வை’ என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொருவர் பேரையும் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கிண்ணமாக வைக்கும். ஓர் ஆளுக்கு ஒரு பொருள் என்று பொருத்துவதுதான் எண்ணிக்கையின் அடிப்படை. ஒன்று, இரண்டு என்று ஒப்பிப்பது எளிது, பொருத்துவதுதான் கடினம்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. ஐந்து சுளையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு’ என்று சரியாக எண்ணும். உடனே ‘சரி, மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தை பலசமயம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கவலைப்படாதீர்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தைக் குறிக்கிறது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எண்ணும்போது ‘…நாலு, அஞ்சு. அஞ்சு சுளை இருக்கு’ என்று முடித்துக் காட்டிக்கொண்டே இருந்தால் போதும்.

படி 6: ஊற்றி அளங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அந்தத் தண்ணீரை இப்போது எடுங்கள். அகலக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றுங்கள். குழந்தையின் கண் முன்னாலேயே அதை அப்படியே ஒல்லித் தம்ளருக்கு மாற்றிவிட்டு, ‘இப்ப தண்ணி அதிகமா இருக்கா, கம்மியா இருக்கா, அதே அளவா?’ என்று கேளுங்கள். நாலு வயதுக் குழந்தை பெரும்பாலும் ‘அதிகம்’ என்று அடித்துச் சொல்லும். தம்ளரில் தண்ணீர் உயரமாக நிற்கிறதே! சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே ஆராய்ந்து எழுதிய புகழ்பெற்ற சோதனை இது. பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் பொதுவாக ஆறு, ஏழு வயதையொட்டித்தான் வருகிறது.

‘தப்பு’ என்று சொல்லாதீர்கள், விளக்கவும் வேண்டாம். விளக்கம் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ‘அதிகம்’ என்றுதான் சொல்லும். அதற்குப் பதிலாகக் குடுவையை அதன் கையில் கொடுத்து இங்கும் அங்கும் மாற்றி மாற்றி ஊற்றவிடுங்கள். முதலில் குடுவையைத் திடீரென்று சாய்க்கும், தண்ணீர் தம்ளரைத் தாண்டிப் போகும். பிறகு ஒரு கையால் அடியைப் பிடிக்கும். பிறகு மூக்கைத் தம்ளரின் விளிம்பில் வைத்து ஊற்றும். இந்த வேகத்தை நாம் கூட்ட முடியாது.

எலுமிச்சைச் சாற்றை அளப்பதும் இதோடு சேரும். அளவு ஸ்பூன் இருந்தால், 5 மில்லி டீஸ்பூனால் மூன்று முறை தண்ணீர் எடுத்து 15 மில்லி டேபிள்ஸ்பூனில் ஊற்றச் சொல்லுங்கள். சரியாக நிரம்பும்போது முகத்தைப் பாருங்கள். பின்னம், விகிதம் என்ற பெயரெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிறகு வரட்டும்.

படி 7: ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது?

வெட்டிய ஆப்பிளில் இரண்டு துண்டை மட்டும் தனியாக வையுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவ வேண்டும், மற்றதைச் சும்மா விடவேண்டும். ‘கொஞ்ச நேரம் கழிச்சு என்ன ஆகும்னு நினைக்கிறே?’ என்று முதலில் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் சரி. ஊகித்துச் சொல்வது, காத்திருப்பது, போய்ப் பார்ப்பது, இதுதான் அறிவியல்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சும்மா விட்ட துண்டு பழுப்பு நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். வெட்டும்போது ஆப்பிளுக்குள் இருக்கும் நொதி (என்சைம்) காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வேலை செய்கிறது, எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியைத் தடுக்கிறது. இது உங்களுக்காகச் சொன்னது. குழந்தைக்கு ‘புளிப்பு காவல் காத்துச்சு’ என்றாலே போதும். ஆப்பிளுக்கு ஆப்பிள் நிறம் மாறும் வேகம் வேறுபடும், அதனால் மாற்றம் தெரியவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

படி 8: கலந்து, சுவைத்து, பேசுங்கள்

எல்லாவற்றையும் பெரிய கிண்ணத்தில் போட்டு, மீதி எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கிளறச் சொல்லுங்கள். சுவைக்கும்போது ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘ம்’ என்று ஒற்றைப் பதில்தான் வரும். ‘ஆப்பிளைக் கடிச்சா என்ன சத்தம்? வாழைப்பழத்துக்கு ஏன் அந்தச் சத்தம் இல்லை?’ என்று கேளுங்கள். மொறுமொறுப்பு, வழவழப்பு, புளிப்பு, துவர்ப்பு எல்லாம் வாயில் பழம் இருக்கும்போதே காதில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும்.

சாப்பிட மறுத்தால் விட்டுவிடுங்கள். புது உணவை ஏற்றுக்கொள்ளக் குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து முறைகூடத் தேவைப்படலாம். தொட்டதும் முகர்ந்ததும் கையில் பிசுபிசுப்பாக ஒட்டியதும்கூட அந்தப் பழக்கத்தில் சேர்த்திதான்.

படி 9: துடைப்பதும் சமையல்தான்

குழந்தைக்கு ஒரு துணி, உங்களுக்கு ஒரு துணி. அது துடைத்த இடத்தை அதன் எதிரிலேயே மறுபடி துடைக்காதீர்கள், தூங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் புதிதாக ஒன்றைத் தேடவேண்டாம், இதே பழக் கலவையைச் செய்யுங்கள். இந்த முறை ‘முதல்ல என்ன செய்யணும்?’ என்று நீங்கள் கேளுங்கள், குழந்தை சொல்லட்டும். கழுவுவது, உரிப்பது, பிழிவது, கிளறுவது என்று நான்கு படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால், எழுத்துத் தெரியாத குழந்தையும் அடுத்தது என்ன என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடும். பாதியில் எழுந்து ஓடினால் கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள். கிளறுகிற சத்தம் கேட்டால் பெரும்பாலும் தானே வரும்.