உங்கள் பைபிளில் ஒரு வசனம் இல்லையா? இப்படிப் பாருங்கள்

"புதிய பைபிள்களில் வசனங்களை நீக்குகிறார்கள், எச்சரிக்கை" என்று வாட்ஸப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். எங்கள் சபை வாலிபர்கள் அதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுவார்கள். வேதபாட வகுப்பு என் பொறுப்பு. செய்தியில் சொல்லும் வசனம் சில பைபிள்களில் இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் யார் எடுத்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால், அது எப்போது உள்ளே வந்தது என்று பார்த்துவிடுங்கள்.

யோவான் 5:4-ஐயே எடுத்துக்கொள்வோம். பெதஸ்தா குளத்தில் தேவதூதன் இறங்கித் தண்ணீரைக் கலக்குவான் என்ற வசனம். ஹென்றி பவர் குழுவினர் திருத்தி 1871-ல் முழுமையாக வெளிவந்த, நாம் இன்றும் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இது இருக்கிறது. புதியவை சிலவற்றில் அடைப்புக்குறிக்குள் இருக்கும், அல்லது 3-லிருந்து நேராக 5-க்குத் தாவும். உடனே பக்கத்தின் அடியைப் பாருங்கள்; காரணம் அடிக்குறிப்பில் இருக்கும். மொபைல் ஆப்பில் என்றால் சின்னப் புள்ளியோ நட்சத்திரமோ தெரியும், அதைத் தொடுங்கள். யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்க நினைப்பவர் எண்ணைத் தாவவிடுவாரா? வசன எண்களை ராபர்ட் எஸ்தியன் என்ற அச்சாளர் 1551-ல் தன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் போட்டார். அவர் கையில் இருந்தது பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளை ஒட்டிய மூலம்; அதில் இந்த வசனமும் இருந்ததால் அதற்கும் ஓர் எண் கிடைத்தது. அவற்றைவிடப் பழையவை ஆராய்ச்சிக்கு வந்தது அப்புறம்தான்.

அந்தப் பழைய பிரதிகளை நீங்களே பார்க்கலாம். 4-ஆம் நூற்றாண்டின் சீனாய் பிரதி 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்தால் தோல் தாளின் படம் வரும். அதிலும் சரி, அதே நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியிலும் சரி, 5:4 கிடையாது. பிறகு எப்படி வந்தது? ஏழாம் வசனத்தில் நோயாளி, "தண்ணீர் கலங்கும்போது என்னை இறக்கிவிட ஆள் இல்லை" என்கிறான். தண்ணீர் ஏன் கலங்க வேண்டும்? யாரோ ஓரத்தில் விளக்கம் எழுதியிருப்பார், அடுத்து நகல் எடுத்தவர் அதையும் வசனம் என்று சேர்த்திருப்பார். பாட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய வரி அடுத்த பதிப்பில் பாட்டாகவே அச்சாவது மாதிரி.

இனி முக்கியமான கேள்வி: அந்த ஒரு வசனத்தை எடுத்தால் எந்த உபதேசமாவது விழுகிறதா? 1 யோவான் 5:7-ஐச் சொல்லித்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுகிறார்கள் என்ற வரி அது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை. கிரேக்கப் பிரதி ஒன்றில் அது இருப்பதாகக் காட்டப்பட்ட பிறகு, 1522 பதிப்பில் சேர்த்தார். குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவோடு வாதாடிய, கிரேக்கத்தில் எழுதிய ஆதிச் சபைப் பிதாக்கள் யாரும் அதை எடுத்துக்காட்டவே இல்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? அது இல்லாமலே திரித்துவத்தை நிலைநாட்டினார்கள். மத்தேயு 28:19-ம் 2 கொரிந்தியர் 13:14-ம் எல்லா மொழிபெயர்ப்பிலும் அப்படியே நிற்கின்றன.

நீக்குவது மட்டும்தான் நடக்கிறது என்று நினைக்கிறவர்கள் சங்கீதம் 145-ஐத் திறக்கட்டும். எபிரெய எழுத்து வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி. ஆனால் மரபு எபிரெய மூலத்தில் 'நூன்' எழுத்துக்குரிய வரி மட்டும் காணோம். பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அது இருந்தது. சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த சங்கீதச் சுருளிலும் இருந்தது. அதனால் புதிய மொழிபெயர்ப்புகள் பல 13-ஆம் வசனத்தில் அந்த வரியைச் சேர்க்கின்றன. இதை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை!

மாற்கு 16:9-20 இவ்வளவு லேசில் முடியாது. மேலே சொன்ன இரண்டு பிரதிகளும் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் 2-ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா ஐரேனியு அந்தப் பகுதியிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். பாம்புகளை எடுப்பது, விஷம் குடிப்பது எல்லாம் அங்கேதான் வருகிறது. வகுப்பில் அதை முழுக்க வாசிக்க வைப்பேன், கூடவே அடிக்குறிப்பையும். அதை மட்டும் வைத்துப் பாம்பைப் பிடிக்கலாம் என்று யாராவது பிரசங்கித்தால், எழுந்து கேள்வி கேளுங்கள்.