நஞ்சுக்கொடியும் தாயின் ரத்தமும்: மெத்திலேற்ற ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெத்திலேற்றம் என்பது டி.என்.ஏ.வின் மேல் ஒட்டும், மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வேதிக் குறி. டி.என்.ஏ.வில் சுமார் 8.5 லட்சம் இடங்களில் அதை அளக்கும் சிப்பில் நஞ்சுக்கொடியையும் தாயின் ரத்தத்தையும் வைத்தால் வேறுபாடுகள் வந்து குவியும். கர்ப்பத்தின் விளைவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அதை நம்புவதுதான் பெரிய தவறு. நஞ்சுக்கொடியில் மெத்திலேற்றம் இயல்பாகவே ரத்த அணுக்களைவிடக் குறைவு. காப்பிச் செடியின் இலையையும் வேரையும் ஒப்பிட்டுவிட்டு உரம் வேலை செய்கிறது என்பதுபோல ஆகிவிடும். ரத்தசோகை உள்ளவர், இல்லாதவர் என்று தாய்மாரைப் பிரித்து, நஞ்சுக்கொடியை நஞ்சுக்கொடியோடும் ரத்தத்தை ரத்தத்தோடும் ஒப்பிடுங்கள். அதன்பிறகே, இரண்டிலும் ஒரே இடம் ஒரே திசையில் நகர்கிறதா என்று பார்க்கலாம்.

வெட்டுவதிலும் கவனம் வேண்டும். தாய்ப்பக்கத்து டெசிடுவா (கர்ப்பப்பையின் உள்படலம்) தாயின் திசு. அது ஒட்டிக்கொண்டு வந்தால் தாயைத் தாயோடேயே ஒப்பிடுவீர்கள். தொப்புள்கொடி சேரும் இடத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில், நான்கு இடங்களில், சிசுப்பக்கத்து உறையை நீக்கிவிட்டு உள்ளிருக்கும் வில்லஸ் திசுவை (சிசுவின் ரத்தக்குழாய்கள் ஓடும் விரல்போன்ற கிளைகளை) எடுங்கள். குளிர்ந்த உப்புக்கரைசலில் ரத்தம் போகும்வரை அலசி, உடனே உறையவையுங்கள்.

பிரசவம் ஏற்காட்டில், ஆய்வகம் சேலத்தில் என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரவேண்டும். சாதாரண ஐஸ் பெட்டி போதாது. டிரை ஐஸை மேலே கொண்டுபோய் அங்கேயே உறையவைத்து இறக்குங்கள். (கார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், அது கார்பன் டை ஆக்சைடு.) டி.என்.ஏ. ஓரளவு தாங்கும். அதே துண்டில் ஆர்.என்.ஏ.வும் பார்ப்பதானால் தாமதம் கூடாது.

ரத்தத்துக்கு ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரைத் தடுக்கும். கர்ப்பத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு கூடும், பிரசவ வலியில் இன்னும் கூடும். அணு விகிதம் மாறினாலே மெத்திலேற்ற அளவும் மாறும். எனவே எல்லோரிடமும் ஒரே கட்டத்தில் ரத்தம் எடுத்து, அணு விகிதத்தையும் கணக்கில் சேருங்கள்.

நஞ்சுக்கொடியின் மரபணுத் தொகுதி குழந்தையுடையது, பாதி அப்பாவுடையது. ஆகவே டி.என்.ஏ. எழுத்து ஆளுக்கு ஆள் மாறக்கூடிய இடங்களையும் (எஸ்.என்.பி.), ஆண் குழந்தை என்றால் எக்ஸ், ஒய் குரோமோசோம்களையும் ஒதுக்குங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு: சிப்பிலுள்ள எஸ்.என்.பி. இடங்களில் தாய் ஏ.ஏ., நஞ்சுக்கொடி ஜி.ஜி. என்று திரும்பத் திரும்ப வந்தால் (தாயிடமிருந்து ஒரு ஏ வந்தே ஆகவேண்டும்), கருமுட்டை தானம் இல்லாதபட்சத்தில் குழாய் மாறியிருக்கிறது. தாய்-சேய் ஜோடியை ஒரே சிப்பில் வையுங்கள். ரத்தமெல்லாம் ஒன்றில், நஞ்சுக்கொடியெல்லாம் இன்னொன்றில் என்றால் சிப்பின் வேறுபாட்டையும் திசுவின் வேறுபாட்டையும் பிரிக்கவே முடியாது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைத் தாய்மாருக்கும் சேலத்துத் தாய்மாருக்கும் வித்தியாசம் தெரிந்தால் 'உயரத்தின் விளைவு' என்று எழுதிவிடாதீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். ஆக்சிஜன் குறைவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் நடப்பவை. சாப்பாடு, ரத்தசோகை, விறகடுப்புப் புகை, சமூகங்களுக்கிடையிலான மரபணு வேறுபாடு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.