கூடுதல் அறை: மாடியில் எழுப்புவதா, மண்ணுக்குள் இறக்குவதா?

மதுரையில் குடியிருக்கும் வீட்டிலேயே இன்னோர் அறை வேண்டுமென்றால் மேலே எழுப்புங்கள். அடியில் தோண்டவே வேண்டாம். பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை எடுத்தால் சுவர் இறங்கும், பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து விரியும். தரைக்கடி அறை என்பது காலி மனையில் புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், வீடு பில்லரில் நிற்கிறதா சுவரில் நிற்கிறதா என்று பாருங்கள். மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அநேகமாகப் பில்லர் வீடுதான். ஆனால் கம்பி விட்டிருக்கிறார்கள் என்பதற்காக மாடி தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. பல வருட மழையில் நனைந்த கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த பிறகு கம்பி மெலிந்திருந்தால் அதோடு புதுக் கம்பி கட்டக் கூடாது. அப்புறம் வெளிப்பக்கமாக ஒரு பில்லர் ஓரம் மட்டும் குழி எடுத்து, அஸ்திவாரத்தின் ஆழம், அகலத்தை இன்ஜினியரிடம் காட்டுங்கள். கொத்தனார் "தாங்கும்ண்ணே" என்று சொல்வது மட்டும் போதாது.

அடுத்தது எடை. 10-க்கு 12 அறைக்கு 5 அங்குல கான்கிரீட் போட்டால் தளம் மட்டுமே சுமார் மூன்றரை டன் வரும். சுவர் தனி. சுவரில் நிற்கும் பழைய வீடு என்றால் நான் கான்கிரீட்டே வேண்டாம் என்பேன்: இரும்புச் சட்டம், மேலே பஃப் ஷீட் (நடுவில் வெப்பம் தடுக்கும் நுரை வைத்த தகடு), சுவருக்கு ஏஏசி கல் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள லேசான சிமென்ட் கல்). இந்தக் கல் செங்கல் எடையில் பாதிகூட இருக்காது. எந்தச் சுவரானாலும் கீழே உள்ள சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலே வர வேண்டும். தளத்தின் நடுவில் உட்கார வைத்தால் கீழ் வீட்டுச் சீலிங்கில் விரிசல் விடும்.

சித்திரை வெயிலையும் இப்போதே யோசியுங்கள். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் வேண்டாம். கான்கிரீட் தளமென்றால் மேலே வெள்ளை ஓடு பதியுங்கள்.

சரி, அனுமதி. மாநகராட்சியில் வரைபட அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாசி வீதிப் பக்கம் ஏற்கெனவே ஒரு மாடி இருக்கும் வீட்டில் இன்னொரு தளம் போட்டால் பெரும்பாலும் அந்த அளவு தாண்டிவிடும்.

இனி காலி மனைக்காரர்களுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் பத்தடிக்குள் நின்றால் தரைக்கடி அறையை மறந்துவிடலாம். வைகைக் கரையிலும் வண்டியூர் கண்மாயை ஒட்டியும் மனை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் வேறு மாதிரி. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி, சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மேட்டு நிலம், செம்மண் என்றால் துணியலாம். அப்போதும் செங்கல் சுவர் ஆகாது, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்தான். வெளிப்புறம் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு அடித்த பிறகே மண்ணை நிரப்பச் சொல்லுங்கள். உள்ளே ஒரு மூலையில் சின்னத் தொட்டி எடுத்து, தண்ணீரை வெளியே தள்ள மோட்டார் வையுங்கள். கனமழை இரவில்தான் கரண்டும் போகும், அதனால் அந்த மோட்டாருக்குத் தாங்கும் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.